ஸ்லாவ் மக்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோவியத் ஒன்றியம் முழுவதையும் 'ரஷ்யா' என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த புத்தகங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒன்றியம் 1991-ல் கலைந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. ரஷ்யர், உக்ரேனியர், போலந்துக்காரர், செக், செர்பியர் என ஸ்லாவ் மொழிகளைப் பேசும் மக்களைப் பற்றி நாம் எழுதுவதில் உள்ள பெரிய பிழைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

உக்ரேனிய மொழியை ரஷ்ய மொழியின் வட்டார வழக்கு என்று எழுதவே கூடாது. ரஷ்யன், உக்ரேனியன், பெலாரூசியன் மூன்றும் கிழக்கு ஸ்லாவ் கிளையில் உடன்பிறந்தவை, ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. ரஷ்யர் நன்றி சொன்னால் 'ஸ்பசீபா'. உக்ரேனியர் சொன்னால் 'த்யாக்குயு'. போலந்துக்காரருக்கு 'ஜெங்க்கூயெ', செக் நாட்டவருக்கு 'த்யெக்குயி'. இந்தச் சொல்லில் உக்ரேனின் தலைநகரான கீவ், மாஸ்கோவைவிடப் போலந்தின் தலைநகரான வார்சாவுக்குத்தான் நெருக்கம். உக்ரேனின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் லித்துவேனிய, போலந்து ஆட்சியில் இருந்தது அல்லவா? ஜார் அரசு 1863-ல் உக்ரேனிய மொழியில் சமய நூல்களையும் பாடநூல்களையும் அச்சிடவிடாமல் நிறுத்தியது. 1876-ல் வந்த எம்ஸ் ஆணை மேடை நாடகங்களையும், வெளிநாட்டில் அச்சான உக்ரேனிய நூல்கள் உள்ளே வருவதையும் தடை செய்தது. வெறும் வட்டார வழக்கு என்றால் இத்தனை தடை எதற்கு?

இதோடு ஒட்டியதுதான், கீவைத் தலைநகராகக் கொண்டிருந்த இடைக்கால 'கீவ ரூஸ்' அரசைப் 'பழைய ரஷ்யா' என்று எழுதுவது. கீவின் ஆட்சியாளர் வொலோதிமிர் 988-ல் கிறித்தவத்தை ஏற்றார். மாஸ்கோவின் பெயர் ஏடுகளில் முதன்முதலாக வருவதே 1147-ல்தான். கீவ ரூஸ் ரஷ்யர், உக்ரேனியர், பெலாரூசியர் மூவருக்கும் பொதுவான முன்னோர் சொத்து.

அப்புறம் எழுத்து. ஸ்லாவ் மொழி என்றால் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்து என்பது பாதி உண்மைதான். போலிஷ், செக், ஸ்லோவாக், ஸ்லோவேனியன், குரோவேஷியன் எல்லாம் லத்தீன் எழுத்தில் எழுதப்படுகின்றன. செர்பியர்கள் இரண்டிலும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் ரோமின் கத்தோலிக்க சபையின் பக்கம் போனவர்களுக்கு லத்தீன், கான்ஸ்டான்டினோபிளின் ஆர்த்தடாக்ஸ் சபையின் பக்கம் போனவர்களுக்கு சிரிலிக். சிரிலிக் எழுத்தை, ஸ்லாவ் மக்களிடையே கிறித்தவத்தைப் பரப்பிய புனிதர் சிரில் உருவாக்கினார் என்பதும் சரியல்ல. 863-ல் அண்ணன் மெத்தோடியுசுடன் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பகுதி) போன அவர் உருவாக்கியது கிளகோலித்திக் என்ற வேறோர் எழுத்து. 869-ல் அவர் ரோமில் இறந்த பிறகு, பல்கேரியாவில் கிரேக்க எழுத்தை அடியாக வைத்து எழுந்ததே சிரிலிக். பெயர் மட்டும்தான் அவருடையது.

ஹங்கேரி, ருமேனியா, லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, அல்பேனியா ஆகியவற்றை ஸ்லாவ் நாடுகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஸ்லோவாக்கியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா, ஸ்லோவேனியாவின் தலைநகரம் லியுப்லியானா. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'ஸ்லாவ் இரத்தம்' என்ற பேச்சையும் விட்டுவிடலாம். ஸ்லாவ் என்பது முதலில் மொழிக் குடும்பத்தின் பெயர். 681 வாக்கில் பல்கேரிய அரசை நிறுவிய பல்கர்கள் துருக்கிய வழி வந்தவர்கள். காலப்போக்கில் அங்கிருந்த ஸ்லாவ் மக்களோடு கலந்து, அவர்கள் மொழியையே பேசத் தொடங்கினார்கள். நாட்டு எல்லையை மட்டும் பார்த்துக் கணக்கெடுத்தாலும் சிலர் விடுபட்டுப்போவார்கள்: ஜெர்மனியின் கிழக்கே பௌட்சன், கோட்புஸ் பகுதிகளில் சோர்பியர்கள் இன்றும் தங்கள் ஸ்லாவ் மொழிகளைப் பேசுகிறார்கள், பள்ளியிலும் படிக்கிறார்கள்.