தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்கள்: புதிய ஆல்பங்களுக்குள் நுழைவது எப்படி?

தொண்ணூறுகளில் பிடித்துப்போன ஒரு குழுவின் புதிய ஆல்பத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திப் பழையதற்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் குறை அந்த ஆல்பத்தில் இல்லை. முப்பது வருடத்தை ஒரே தாவலில் தாண்டினால் எந்தக் குரலும் அந்நியமாகத்தான் ஒலிக்கும். குழுவுக்கு மூன்று ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தொண்ணூறுகளிலிருந்து ஒன்று, நடுவில் பாலமாக ஒன்று, கடைசியாக வந்தது ஒன்று. பாலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் பாட்டுக் கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள், இது முக்கியம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து ஆல்பங்களை மேலும் மேலும் சத்தமாக மாஸ்டர் செய்யும் (வெளியிடுமுன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும்) போக்கு வலுத்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 1999 ஆல்பமான 'கலிஃபோர்னிகேஷன்' அதற்குப் பேர்போன உதாரணம். சத்தமான இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். 1991 ஆல்பத்தையும் இன்றைய ஆல்பத்தையும் ஒரே வால்யூமில் அடுத்தடுத்துப் போட்டால் புதியது காதைக் களைப்பாக்கும், நாமோ இசை மோசம் என்று முடிவுகட்டிவிடுவோம்.

கூடுதல் பாட்டுகளோடு வரும் டீலக்ஸ் பதிப்புகளிலும் கவனம் தேவை. அசல் ஆல்பம் முடிந்த கையோடு டெமோக்கள் (முன்னோட்டப் பதிவுகள்) ஓட ஆரம்பித்துவிடும். அசலில் எத்தனை பாட்டு என்று பார்த்து அங்கேயே நிறுத்துங்கள். ஸ்லோடைவின் 'சூவ்லாக்கி' என்றால் பத்து.

அடுத்து, ஒவ்வொரு ஆல்பத்திலும் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தவிர்ப்பதால்தான் பலர் வழி தவறுகிறார்கள். டைனோசர் ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த லூ பார்லோ 1989இல் வெளியேற்றப்பட்டார். ஆகவே அவர்களைப் பரவலாக அறியவைத்த 'கிரீன் மைண்ட்' (1991), 'வேர் யூ பீன்' (1993) இரண்டிலும் அவர் இல்லை. எண்பதுகளில் ஒன்றாக வாசித்த ஜே மாஸ்கிஸ், பார்லோ, மர்ஃப் மூவரும் 2005இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். இன்று நாம் கேட்கும் குழு, உண்மையில் எண்பதுகளின் குழு. 1993 ஆல்பத்திலிருந்து நேராகப் புதியதற்கு வந்தால் பேஸ் ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாக முன்னே நிற்கிறது என்று விளங்காது. 1987இன் 'யூ'ர் லிவிங் ஆல் ஓவர் மீ', அடுத்து 2007இன் 'பியாண்ட்', பிறகு 2021இன் 'ஸ்வீப் இட் இன்டு ஸ்பேஸ்' என்று போனால் ஒரே நூலாகப் பிடிபடும். நடுவில் வந்த 'ஃபார்ம்' (2009) ஆல்பத்தைப் பழைய சிடியாக வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: ஐரோப்பாவில் வெளியான முதல் பிரதிகளில் மென்பொருள் கோளாறால் ஒலி அடுக்கு இரட்டிப்பாகி, சுமார் 3 டெசிபெல் கூடுதல் சத்தத்தோடு வந்தன, அவை திரும்பப் பெறப்பட்டன.

பாடகரை இழந்த குழுவுக்கு வேறு முறை. ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002இல் இறந்தார். புதிய பாடகர் வில்லியம் டுவால் சேர்ந்தபின் வந்த முதல் ஆல்பம் 2009இன் 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ'. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, டுவால் குரலில் ஸ்டேலியைத் தேடுவது. தேட வேண்டியது கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல்லின் குரலை. 'டர்ட்' (1992) ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டு, இரட்டைக் குரலில் ஸ்டேலியோடு இழையும் இன்னொரு குரலைப் பிடியுங்கள். பிறகு குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1995 ஆல்பம். அதன் முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் முன்னணிக் குரல் கான்ட்ரெல்தான். அந்தக் குரல் காதில் பதிந்தபின் 2009க்கு வாருங்கள். குழு ஏற்கெனவே பாதி அவர் குரலில்தான் பாடிக்கொண்டிருந்தது என்பது புரியும். தலைப்புப் பாட்டில் பியானோ வாசிப்பவர் எல்டன் ஜான். அது ஸ்டேலிக்கான அஞ்சலி, அவசரமில்லாமல் கேளுங்கள். அதன் பிறகு 'ரெய்னியர் ஃபாக்' (2018).

நிற்காமல் ஓடியவர்களிடம் சிக்கல் குறைவு. பேர்ல் ஜாமுக்கு 'வெர்சஸ்' (1993), 'யீல்ட்' (1998), 'டார்க் மேட்டர்' (2024) போதும். 'டென்' ஆல்பத்திலிருந்துதான் தொடங்குவேன் என்றால் அதற்கு இரண்டு மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் கலந்து சேர்த்த வடிவம்) இருப்பதைக் கவனியுங்கள். 1991 மிக்ஸில் எதிரொலி தாராளம். 2009இல் தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ'பிரையன் செய்ததில் அது வெகுவாகக் குறைந்து கருவிகள் நெருங்கி வருகின்றன. புதிய ஆல்பங்களோடு ஒப்பிடப் பின்னதே வசதி.

ஸ்மாஷிங் பம்ப்கின்ஸை 33 பாட்டுள்ள 'ஆட்டம்' ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள், பாதியில் கைவிடுவீர்கள். 'சயமீஸ் டிரீம்' (1993) கேட்டுவிட்டு, பத்தே பாட்டுள்ள, கிட்டார் முன்னே நிற்கும் 'அகோரி மோரி மே' (2024) ஆல்பத்துக்குப் போகலாம். இங்கே பாலம் தேவைப்படாது.

பிக்ஸீஸ் ரசிகர்களுக்குக் குறைவது, பேஸ் வாசித்துப் பாடிய கிம் டீலின் குரல். 2013இல் அவர் விலகிவிட்டார். அந்தக் குறையைப் புதிய பிக்ஸீஸ் ஆல்பங்களில் தீர்க்கப் பார்க்காமல், அவரது பிரீடர்ஸ் குழுவின் 'ஆல் நெர்வ்' (2018) பக்கம் போங்கள். 1993இல் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' பதிவுசெய்த அதே நால்வர்.

ஸ்லோடைவைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்பது வீண். கிட்டார் அலைகளுக்குள் குரல் புதைந்திருக்கும் இசை இது. தாழ்ந்த ஒலிகளும் ஸ்டீரியோ அகலமும் போய்விட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். 1995இல் கலைந்தவர்கள், 2014இல் மேடைக்குத் திரும்பி, 22 வருட ஆல்ப இடைவெளியை 2017இல் குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பத்தால் முடித்தார்கள். திரும்பி வந்த குழுக்களின் ஆல்பங்களில் இதுவே என் கணக்கில் ஆகச் சிறந்தது. அடுத்தது 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' (2023). இரண்டிலும் எட்டெட்டுப் பாட்டுகள்தான்.

எதையும் ஒருமுறை கேட்டு ஒதுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் மூன்று முறை, முழுதாக. முதல் முறை வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம்; இரண்டாவது முறை ஹெட்போனில்; மூன்றாவது முறை பாடல் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு. இந்த மூன்றாவது சுற்று பல்ப் குழுவுக்கு மிக அவசியம். அவர்களுக்கு 2001இன் 'வீ லவ் லைஃப்' ஆல்பத்துக்கும் 2025இன் 'மோர்' ஆல்பத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லை, பாலமாக நிறுத்த ஓர் ஆல்பம் கிடையாது. 2001 ஆல்பத்தை ஒரு முறை, மறுநாள் 'மோர்' என்று கேளுங்கள். அது 2023இல் மறைந்த பேஸ் கலைஞர் ஸ்டீவ் மெக்கிக்கு அர்ப்பணிக்கப்பட்டது.