பணிமனைப் படத்தை நம்பி மின்சார இன்ஜின் செய்யாதீர்கள்

மண்டபம் ஊரில் என் அக்கா மகன் தெர்மாகோலில் ஒரு மின்சார இன்ஜின் செய்திருந்தான். பார்வையாளர்களை அனுமதித்த நாளொன்றில் ஒரு ரயில்வே பணிமனையில் எடுத்த படங்கள்தாம் அவனுக்கு ஆதாரம். "எப்படி இருக்கிறது மாமா?" என்று நீட்டினான். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி வைத்த விசைப்படகைப் பார்த்து, கடலில் ஓடும் படகை வரைந்ததைப் போலிருந்தது.

பணிமனையில் உடலைத் தூக்கித் தாங்கிகளில் வைத்து, போகிகளை (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டங்களை) தனியே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த உயரத்தை அப்படியே அளந்ததால் அவனுடைய இன்ஜின் கொக்குபோல் நின்றது. மாடு தடுக்கும் இரும்புச் சட்டத்தையும் கழற்றி வைத்திருந்திருக்கிறார்கள். மாதிரியிலும் அது இல்லை.

அடுத்தது வண்ணம். வெள்ளையில் சிவப்புப் பட்டை என்றால் டபிள்யூ.ஏ.பி.-7 வகை இன்ஜின் என்று எழுதிவிடுகிறார்கள். விளம்பரம் ஒட்டினால் அந்த அடையாளம் போயிற்று. சக்கர அச்சுகளை எண்ணுங்கள்: டபிள்யூ.ஏ.பி.-5க்கு நான்கு, 7க்கு ஆறு. சரக்கு இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9க்கும் ஆறுதான். அதன் பற்சக்கர விகிதத்தை மாற்றிப் பிறந்ததுதான் டபிள்யூ.ஏ.பி.-7. வித்தியாசம் உள்ளே இருப்பதால், எழுத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை: டபிள்யூ அகலப்பாதை, ஏ மாறுமின்சாரம், பி பயணிகள், ஜி சரக்கு.

பக்கவாட்டில் 'ராயபுரம்' என்றிருந்தால் அது பிறந்த ஊர் என்று எண்ணுவதும் உண்டு. அது பராமரிப்புக்குத் திரும்பும் ஷெட். இன்ஜின் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் பிறந்ததாக இருக்கலாம்.

கூரையில்தான் தவறு அதிகம். இராமேசுவரம் பாதையில் டீசலையே பார்த்து வளர்ந்த நம் கண் புகைபோக்கியைத் தேடுகிறது. ஒரு முனையை முகமாகவும் மறுமுனையை முதுகாகவும் நினைக்கிறது. மின்சார இன்ஜினுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. பணிமனையில், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு பாண்டோகிராஃபும் மடங்கியிருக்கும். ஓட்டத்தில் வழக்கமாகப் பின்னுள்ளதை மட்டும் உயர்த்துவார்கள். அது உடைந்தாலும் சிதறல் முன்னதைக் கெடுக்காது. எந்தத் திசையில் ஓடும் வண்டி என்று முடிவு செய்துவிட்டுத்தான் மாதிரியில் ஒன்றை நிமிர்த்த வேண்டும்.

கூரையிலுள்ள இன்சுலேட்டர்களுக்கு (மின்கடத்தாத் தாங்கிகளுக்கு) அவன் வெள்ளிப் பூச்சு அடித்திருந்தான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பீங்கானோ சிலிக்கோன் ரப்பரோ, அவை உலோகமல்ல. 25,000 வோல்ட் மேற்பரப்பில் ஊர்ந்து உடலுக்கு இறங்கிவிடாமல் பாதையை நீட்டத்தான் குடைமேல் குடையாக அந்த அடுக்குகள். உப்பு படிந்த மின்கம்பங்கள் அதிகாலைப் பனியில் சிர்ரென்று இரைவதைக் கடலோரத்தில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த நீண்ட பாதையும் போதாமல் போகும். அடுக்குகளைக் குறைத்துவிட்டு வழவழப்பான உருளை செய்பவர்கள், அந்தப் பொருளின் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

(படம் எடுப்பதற்காக, நிற்கும் வண்டியின் மேல் ஏறாதீர்கள். இந்த மின்சாரம் தாக்கக் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை.)

முகப்பில் தொங்கும் குழாய்களைக் கறுப்பாக்க வேண்டாம். பச்சை பிரேக் குழாய், வெள்ளை, அழுத்தக் காற்றைக் கொண்டுபோகும் ஃபீட் குழாய்.

கடைசியாக, முகப்பிலுள்ள மஞ்சள் விளக்கில் ஒரு எல்.இ.டி. வைத்து ஓயாமல் மினுக்கவிட்டிருந்தான். அபாயம் என்று பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வரும் வண்டியை நிறுத்தும் விளக்கு அது. ஒரு ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.