சும்மா காத்திருக்கும் எம்பிஐ நிரல் ஏன் 100% சிபியு எடுக்கிறது? கண்டுபிடிப்பது இப்படி

ஓப்பன் எம்பிஐ-யில் எழுதிய நிரல். (பல பிராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சேர்ந்து வேலை செய்யும் முறைதான் எம்பிஐ; அதற்கான ஒரு மென்பொருள் ஓப்பன் எம்பிஐ.) செய்தி வரும்வரை காத்திருப்பதைத் தவிர அதற்கு இப்போது வேறு வேலை இல்லை. ஆனால் எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் 100% காட்டுகிறது, லேப்டாப் விசிறி இரைகிறது. எங்கோ முடிவில்லாத லூப் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் வரிவரியாகத் தேடினேன். கோடில் பிழையே இல்லை.

1. சின்னச் சோதனை. இரண்டே பிராசஸ் போதும்; ஒவ்வொன்றுக்கும் எம்பிஐ தரும் எண்தான் ரேங்க். ரேங்க் 0, 60 விநாடி ஸ்லீப் போட்டுவிட்டு ஓர் எண்ணை அனுப்பட்டும். ரேங்க் 1 எடுத்த எடுப்பிலேயே செய்தியைப் பெறும் ஃபங்ஷனான எம்பிஐ ரிசீவைக் கூப்பிடட்டும். ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் டாப் பாருங்கள். ஸ்லீப்பில் இருப்பது கிட்டத்தட்ட 0. காத்திருப்பது 100.

2. எங்கே நிற்கிறது? அந்த 100% பிராசஸின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடும் நிரலுக்குள் எட்டிப்பார்க்க உதவும் ஜிடிபி என்ற கருவியை அதோடு இணையுங்கள். அனுமதி இல்லை என்றால் சூடோ சேர்க்க வேண்டும். பிறகு 'பிடி' (bt) என்ற இரண்டெழுத்துக் கட்டளை; எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை அது காட்டும். கீழிருந்து மேலாகப் படித்தால் உங்கள் மெயின், அதற்கு மேல் ரிசீவ், உச்சியிலோ அதை ஒட்டியோ ஓபல் ப்ரோக்ரஸ் என்ற ஃபங்ஷன்; செய்தி வந்ததா என்று பார்க்க ஓப்பன் எம்பிஐ உள்ளுக்குள் கூப்பிடுவது அதைத்தான். இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுப் பாருங்கள், ரிசீவுக்குள்ளேயேதான் இருக்கும்.

3. ஏன் இப்படி? குக்கர் என்றால் விசில் வரும், நாம் வேறு வேலை பார்க்கலாம். பாலுக்கு விசில் கிடையாது; பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். ஓப்பன் எம்பிஐ பால் காய்ச்சுகிற மாதிரிதான் காத்திருக்கிறது. செய்தி வந்ததா, வந்ததா என்று ஓயாமல் பார்க்கிறது. தூங்கும் பிராசஸை கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுப்ப ஆகும் நேரத்தைக்கூட இழக்கக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. ஒரு கோருக்கு (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) ஒரு பிராசஸ் என்று ஒதுக்கும் சூப்பர் கம்ப்யூட்டரில் இது சரியான முடிவுதான்.

4. என்ன செய்யலாம்? 'யீல்ட் வென் ஐடில்' என்ற அமைப்பை 1 ஆக்கச் சொல்வார்கள். அது கோரை மற்ற பிராசஸ்களுக்கு விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கோரைக் கேட்க வேறு பிராசஸ் இல்லை என்றால் உடனே திரும்பி வந்துவிடும். டாப் அப்போதும் 100 காட்டும்.

உண்மையிலேயே குறைய வேண்டுமென்றால் நேரடியாக ரிசீவைக் கூப்பிடாதீர்கள். ஒரு லூப்பில் எம்பிஐ ஐப்ரோப் மூலம் செய்தி வந்ததா என்று கேளுங்கள், வரவில்லையென்றால் 1 மில்லி விநாடி தூங்குங்கள், வந்ததும் ரிசீவ். எல்லா பிராசஸும் வந்து சேரும்வரை காத்திருக்கும் பேரியரில் நிற்பதாக இருந்தால் அதற்குப் பதில் காத்திருக்காமல் திரும்பும் ஐபேரியர், கூடவே முடிந்ததா என்று கேட்க டெஸ்ட், இடையில் அதே தூக்கம். சோதனையைத் திரும்ப ஓட்டினால் ரேங்க் 1-ம் 0-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செய்தி இப்போது 1 மில்லி விநாடிக்கும் சற்று அதிகமாகத் தாமதமாகலாம். அடிக்கடி குட்டிக் குட்டிச் செய்திகள் போய்வரும் நிரலில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ரேங்க் 1 இவ்வளவு நேரம் ஏன் காத்திருக்கிறது, ரேங்க் 0-க்கு மட்டும் வேலை அதிகமாகப் போகிறதா என்று பாருங்கள்.