இழுக்கும் இளம் நாயைக் கயிற்றில் நடத்தும்போது நாம் விடும் பிழைகள்

எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில்தான் நாய் மனிதரை அதிகம் இழுக்கிறது. உடம்பு வளர்ந்துவிடும், அடக்கம் வந்திராது. அல்சேஷன் கலப்போ, லப்ரடோரோ, நல்ல சாப்பாட்டில் வளர்ந்த ஊர் நாயோ, கயிற்றைப் போட்டுப் படலைக்கு வெளியே கொண்டுவந்தால் மண்ணைக் கிண்டிக்கொண்டு மூச்சிரைக்க இழுக்கும். "இவனுக்குப் பலம் கூடிப்போச்சு" என்பார் வீட்டுக்காரர். பலம் உண்மைதான். ஆனால் அது இழுப்பது பலத்தால் அல்ல. இழுத்தால் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அது கண்டுகொண்டுவிட்டது. அதைக் கற்றுக்கொடுத்தவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்தான்.

வன்னியில் பெரும்பாலான நாய்கள் வளவுக்குள் வளர்கின்றன. இரவில் காவல், பகலில் மரத்தடியில் சங்கிலி. நாள் முழுக்க அந்தச் சங்கிலியை முனைவரை இழுத்தே பழகிய நாயை, பொழுதுபடும் நேரம் அதே சங்கிலியோடு வீதிக்குக் கொண்டுபோய் "இழுக்காதை" என்றால் அதற்கு எப்படி விளங்கும்? கட்டும் சங்கிலி வேறு, நடக்கும் கயிறு வேறு என்று பிரித்து வையுங்கள். ஐந்து அல்லது ஆறு அடி நீளத்தில், கையை அறுக்காத துணிப்பட்டியோ தடித்த நைலோன் கயிறோ போதும். இரண்டு மூன்று மாதக் குட்டியிலேயே அதை மாட்டி வளவுக்குள் சுற்றி வந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். வளர்ந்த பிறகு தொடங்குகிறீர்கள் என்றால் அதே வளவுக்குள்தான் தொடங்க வேண்டும். நேரே வீதியில் தொடங்குவதே பலர் விடும் முதல் பிழை.

மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, கயிறு இறுகியிருக்கும்போது ஓரடி முன்னே வைப்பது. நாய்க்கு வீதியில் வேண்டியது முன்னே போவது. அங்கே ஒரு வாசம், இங்கே ஒரு நாய், அப்பால் ஒரு ஆட்டுக்குட்டி. இறுகிய கயிற்றோடு நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் அதற்குச் சம்பளம். வாயால் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே காலால் சம்பளம் கொடுத்தால் அது காலைத்தான் நம்பும்.

கயிறு இறுகினால் நில்லுங்கள். பின்னே இழுக்க வேண்டாம், ஏச வேண்டாம், வெறுமனே நில்லுங்கள். இதில் கவனிக்காமல் விடப்படுவது கை. பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன், "அண்ணை, நான் நிக்கிறன், இவன் நிக்கிறானில்லையே!" என்றான். பார்த்தால் கால் நின்றிருந்தது, கை நின்றிருக்கவில்லை. நாய் இழுக்க இழுக்க அவனுடைய முழங்கை நிமிர்ந்து, தோள் சரிந்து, இரண்டடி தூரம் நாய்க்குக் கிடைத்திருந்தது. "நிண்டா மட்டும் காணாது தம்பி, கையை வயித்தோட ஒட்டிப் பிடி" என்றேன். அப்படிப் பிடித்த பிறகு நாய் சற்று நேரம் முன்னைவிட உரமாக இழுத்தது. அதுவும் வழமைதான். நேற்றுவரை பலித்த தந்திரம் இன்று பலிக்காவிட்டால், விடுவதற்குமுன் இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அந்த இடத்தில் மனமிரங்கி ஓரடி போனால், இன்னும் பலமாக இழுக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். பொறுத்திருந்தால் ஒரு காது பின்னே திரும்பும். பாரம் முன்னங்காலிலிருந்து பின்னங்காலுக்கு மாறும். கழுத்துப்பட்டியில் மாட்டிய கொளுக்கி நேரே கீழே தொங்கும். கொளுக்கி தொங்குகிறது என்றால் கயிறு தளர்ந்துவிட்டது. அந்த நொடியிலேயே "சரி" என்று சொல்லி நடக்கத் தொடங்குங்கள். இரண்டு விநாடி பிந்தினால் எதற்காக நடக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

முதல் நாட்களில் படலையிலிருந்து ஒழுங்கை முடக்குவரை போகவே பத்து நிமிடம் எடுக்கும். எடுக்கட்டும். அந்தப் பத்து நிமிடம் போதும், ஒரு மணித்தியாலம் வேண்டாம். காலையும் மாலையும் சிறிது சிறிதாகப் பழக்கினால் நாய்க்கும் சலிக்காது, உங்களுக்கும் கோபம் வராது. கோபம் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஒருவர் செய்து, மற்றவர் செய்யாவிட்டால் பலனில்லை. அப்பா காலையில் நின்று நின்று நடத்துவார். மகன் பின்னேரம் கடைக்குப் போகும் அவசரத்தில் நாய்க்குப் பின்னால் ஓடுவான். ஒருபோதும் பலிக்காத பழக்கத்தை நாய் சீக்கிரம் விட்டுவிடும். இடைக்கிடை பலிக்கும் பழக்கத்தை இலேசில் விடாது. நேரமில்லாத நாளில் நாயைக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது. சிறு பிள்ளைகளின் கையில் கயிற்றைக் கொடுக்கவே வேண்டாம். முப்பது கிலோ நாய் பாய்ந்தால் பிள்ளை தரையில் கிடக்கும்.

சுண்டி இழுப்பதும், இறுகும் சுருக்குச் சங்கிலி போடுவதும் இங்கே சாதாரணமாகப் பார்க்கிற காட்சிகள். "நாலு தரம் சுண்டினால் திருந்தும்" என்று சொல்பவர்கள் நாயின் மேல் வெறுப்பால் சொல்வதில்லை, அவர்கள் பார்த்து வளர்ந்தது அது. ஆனாலும் நான் இதை முழுதாக மறுக்கிறேன். மூச்சுக்குழாய் கழுத்தின் முன்பக்கத்தில் தோலுக்குக் கீழேயே இருக்கிறது. நாய் கழுத்துப்பட்டியை இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும் மிருக வைத்தியர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதைவிடக் கவலை, எதிரே ஒரு மாடு வரும்போதெல்லாம் கழுத்து நோகிறது என்றால் நாய் நோவை மாட்டோடுதான் முடிச்சுப் போடும். நேற்று ஆர்வத்தில் பார்த்தது, நாளை பகையில் பாயும்.

அதற்குப் பதிலாக மார்புப்பட்டி வாங்குகிறவர்கள் கொளுக்கி மாட்டும் வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். வளையம் முதுகில் இருந்தால், வண்டில் மாட்டுக்கு நுகம் போல, பாரம் உடம்பில் பரவி நாய்க்கு இழுப்பது வசதியாகிவிடும். நெஞ்சுக்கு முன்னே வளையம் உள்ளதில், இழுக்கும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். கழுத்தும் நோகாது, இழுவையும் பலிக்காது. ஆனாலும் பட்டி உங்களுக்குப் பதிலாகப் பழக்காது, பழக்கும் நாட்களில் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

தீனி கொடுப்பதிலும் ஒரு சிறு பிழை பெரிய குழப்பம் தரும். அவித்த கோழி ஈரலைக் கச்சான் பருப்பளவுக்கு வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் இடப்பக்கம் நடந்தால் இடக்கையால், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். முன்னே கையை நீட்டிக் கொடுத்தால் நாயும் முன்னே வந்து காலில் தடக்கும். அது எந்த இடத்தில் நடக்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் வாய்க்கு ருசி கிடைக்க வேண்டும். ஈரல் தீர்ந்தாலும் பரவாயில்லை. தளர்ந்த கயிற்றோடு பத்தடி வந்தால் "போ, மண" என்று வேலியோரம் மோப்பம் பிடிக்க விடலாம். நாய்க்கு மோப்பமும் ஒரு விருந்துதான்.

வளவுக்குள் அழகாக நடந்த நாய் பட்டி மாடு வரும் நேரத்தில் குளக்கட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். உண்மையில் அது மறக்கவில்லை. நாம்தான் பாடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டோம். வளவு, ஒழுங்கை, ஆளில்லாத கிரவல் வீதி, வயல் வரம்பு, அதற்குப் பிறகுதான் சந்தி. மாட்டையோ குரங்கையோ கண்ட இடத்தில் ஒரு துண்டு ஈரலை மூக்கடியில் பிடித்துப் பாருங்கள். வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. ஈரலே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள், திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள்.

எங்களுடைய மண்ணில் இது வெறும் அழகுக்கான பயிற்சி இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கம் போகிறவர்களுக்குச் சிவப்புப் பலகைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முயலைக் கண்டு பாயும் நாய் பலகை வாசிக்காது. பின்னால் இழுபட்டுப் போகும் மனிதருக்கும் வாசிக்க நேரமிராது. காட்டோரக் கிராமங்களில் யானை இன்னொரு காரணம். நாய் குரைத்துக்கொண்டு யானைக்குக் கிட்டப் போகும், யானை திரும்பினால் நேரே எசமானிடம் ஓடிவரும், யானையும் கூடவே வரும். கயிற்றில் அமைதியாக நடக்கும் நாய் இந்த இரண்டிலும் உயிர் காக்கும். அதனால்தான் கயிற்றைக் கையில் சுற்றிக் கட்டிக்கொள்வதும் கூடாது. பலமான நாய் பாயும்போது சுற்றிய கயிறு விரலை முறிக்கும். கைப்பிடி வளையத்தை உள்ளங்கையில் பிடித்தால் அவசரத்தில் விடவும் முடியும்.

"ஓட விட்டால் களைத்துத் திருந்திவிடும்" என்று மோட்டார் சைக்கிளில் கயிற்றைப் பிடித்து ஓட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். பெரிய இன நாய்களுக்கு எலும்பின் வளர்ச்சி முடிய ஒரு வயது, ஒன்றரை வயதுவரை ஆகும். அதற்குள் தார் வீதியில் ஓட்டுவது மூட்டுக்குக் கேடு, கயிறு சில்லில் சிக்கினால் உங்களுக்கும் கேடு. களைத்த நாய் அன்று இழுக்காது. மறுநாள் இன்னும் நீடித்து இழுக்கும் பலத்தோடு வரும்.

வெயிலையும் யோசியுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காபெட் வீதி அடுப்பாகக் கொதிக்கும். புறங்கையை ஏழு விநாடி வீதியில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம்தான், சூட்டைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே தணிக்கும். விடியற்காலையில், அல்லது வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு போங்கள்.

கடைசியாக, வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய்கள். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவதும், பயத்தில் கயிற்றைச் சுருக்கி இறுக்கிப் பிடிப்பதும் இரண்டுமே சண்டையை மூட்டும். கயிறு இறுகினால் நாயின் நெஞ்சு நிமிர்ந்து தலை உயரும், எதிரே உள்ள நாய்க்கு அது சவாலாகத் தெரியும். தூரத்திலேயே கண்டு, வீதியின் மறுபக்கம் மாறி, வளைவாகச் சுற்றிப் போங்கள். உங்கள் நாயின் பார்வை உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். புறப்படுமுன் விசர்நாய்க்கடித் தடுப்பூசி இந்த வருடத்துக்குப் போட்டாயிற்றா என்று அட்டையையும் ஒருமுறை பாருங்கள்.