கண் முகாம் நடத்தப் போகிறீர்களா?

1925இல் பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வேண்டிக்கொண்டதிலிருந்து பார்வைப் பணி லயன்ஸ் சங்கங்களின் சொந்த வேலையாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சங்கத்தில் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கூடம் கேளுங்கள். பார்வைப் பலகைக்கு 6 மீட்டர் தூரம் வேண்டும். நோட்டீஸை நம்பாதீர்கள். கண் தெரியாதவர் எதைப் படிப்பார்? ஆட்டோவில் மைக் கட்டுங்கள், ரேஷன் கடையில் சொல்லிவையுங்கள்.

கண்புரை உள்ளவர்களை அன்றே பஸ்ஸில் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். "அடுத்த வாரம் வர்றேன் தம்பி" என்கிற பாட்டி வரவே மாட்டார். ஆட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்பதுதான் பெரும்பாலும் அவர் கவலை. அதற்கும் ஓர் ஆளைப் பிடியுங்கள். போகிறவர்கள் கையில் மாற்றுத் துணி, சர்க்கரை மாத்திரை இருக்கட்டும்.

பொன்னாடை, சொற்பொழிவு எல்லாம் பஸ் கிளம்பிய அப்புறம்.