குளிர்காலத்துக்கு சைக்கிள் டயர் தேர்ந்தெடுப்பதும் பஞ்சரைத் தவிர்ப்பதும்

கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ரப்பரை அறுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும். ஈரச் சாலையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லும் அப்படித்தான் டயருக்குள் போகிறது. போதாததற்கு மழைத்தண்ணீர் சாலைக் குப்பையையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். குளிர்காலத்தில் பஞ்சர் கூடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள்

வெறும் ஈரத் தார்ச்சாலைதான் என்றால் பள்ளம் பள்ளமாக வெட்டிய டயர் வேண்டாம். கார் டயரில் அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்ற இருக்கின்றன. சைக்கிள் டயர் ஒடுக்கமானது, காற்றழுத்தம் அதிகம், வேகமும் குறைவு. தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும் டயரின் அகலமும். சேறு, இளம்பனி என்றால் முண்டு முண்டாக இருக்கும் டயர் உதவும்.

சாலையில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதா? அப்போது ஆணி டயர்தான், வேறு எதையும் நம்பாதீர்கள். ரப்பருக்குள் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன ஆணிகள் பதித்திருப்பார்கள். ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிப்பதற்குள் தரையில் கிடப்பீர்கள். புது ஆணி டயரை முதல் 40 கிலோமீட்டர் வரை தார்ச்சாலையில் நிதானமாக, சடாரென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். ஆணிகள் அதற்குள் ரப்பரில் நன்றாக உட்கார்ந்துவிடும்.

அளவு

பழைய டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 37 என்பது அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். 28 அங்குலம் என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அந்தப் பெயரில் 622-ம் உண்டு, 635-ம் உண்டு. அகலத்தைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்கட்டும். நான் ஆசைப்பட்டு அகலமான டயர் போட்டேன். முதல் பனியன்றே மட்கார்டுக்குள் பனி அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

பஞ்சர் தடுப்பு அடுக்கு

சில டயர்களில் உள்ளே கெவ்லர் போன்ற உறுதியான இழைத்துணி இருக்கும்; சிலவற்றில் தடித்த ரப்பர் அடுக்கு. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் அந்த ரப்பர் அடுக்கு 5 மில்லிமீட்டர் தடிமன். எடை கூடும், ஓட்டம் கொஞ்சம் மந்தமாகும், ரிம்மில் ஏற்றுவதற்குள் விரல் நோகும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

காற்று

குளிரில் காற்று சுருங்கும். 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துவிட்டு 0 டிகிரிக்கு வெளியே போனால், கசிவே இல்லாமல் சுமார் 55-க்கு இறங்கிவிடும். காற்று குறைந்த டயர் குழியில் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கும். பாம்பு கடித்தது மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் இதுதான். அதனால் வாரம் ஒருமுறை காற்றடியுங்கள், டயரில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளுக்குள் நிறுத்துங்கள்.

வாரம் ஐந்து நிமிடம்

காற்றடிக்கும் முன் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே மெல்லச் சுற்றுங்கள். சின்னச் சின்ன வெட்டுகள் வாய் திறக்கும். உள்ளே அரிசிக் குருணை அளவில் ஒரு கல்லோ பச்சைக் கண்ணாடியோ பளபளக்கும். மழுங்கிய ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இன்று எடுக்காவிட்டால் அடுத்த வாரம் அது ட்யூபைத் தொட்டுவிடும்.

அப்படியும் பஞ்சர் ஆனால்

மழையில், விறைத்த விரல்களோடு சாலையோரம் பேட்ச் ஒட்ட முயல வேண்டாம். ஈரமான ட்யூபில் சொல்யூஷன் பிடிக்காது. மாற்று ட்யூப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பழையதை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் குத்தியது எது என்று கண்டுபிடிக்காமல் புது ட்யூபை உள்ளே விடாதீர்கள். இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. டயர் மாட்டும்போதே அதில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள். பஞ்சரானதும் ட்யூபில் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரிலும் பெயரிலிருந்து இரு பக்கமும் அதே தூரத்தில் தேடினால் போதும். வெறும் விரலால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள். முள்ளோ கம்பியோ இருந்தால் துணியின் நூல் மாட்டும். டயரில் ஒன்றுமே இல்லை, ஓட்டையும் ட்யூபின் உள்வட்டத்தில் இருக்கிறது என்றால், ரிம் டேப்பை, அதாவது ட்யூபுக்கு அடியில் ரிம்மைச் சுற்றியிருக்கும் பட்டையை, நகர்த்திப் பாருங்கள். ஏதாவது ஒரு ஸ்போக்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.