குளச்சல் வெக்கையில் ரைசன் ஓவர்கிளாக்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர் சிப், பி450 மதர்போர்டு. சிப்பை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக். (ஏ320 போர்டில் இதெல்லாம் நடக்காது, வாங்கும்போதே பாருங்கள்.) பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங் திரை) மல்டிப்ளையரை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை, 42 ஆக்கினேன்; வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸ் நன்றாகவே வந்தது. எடிட் செய்த கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால் (முழு ஃபைலாக மாற்றினால்) மட்டும் ரீஸ்டார்ட் ஆனது.

சூடு 95 டிகிரியைத் தொட்டிருந்தது. இந்தச் சிப்புக்கு அதுதான் எல்லை. வோல்டேஜ் ஆட்டோவில் இருந்ததால் போர்டு தேவைக்கு மேலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; அதனால் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான். 1.275 வோல்ட் என்று நானே கொடுத்து, மல்டிப்ளையரை 41க்கு இறக்கினேன்.

அப்புறம் கூலரைக் கழற்றினேன். கடற்கரை கூப்பிடு தூரம். அதன் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து களிபோல அப்பியிருந்தது, ஊதினால் போகவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, சிப்பின் மேல் பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) வைத்தேன். கூலரை நேராக இழுக்காதீர்கள். இந்தச் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் சிப்பும் சேர்ந்து பிய்ந்து வரும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்த சூட்டோடு லேசாகத் திருகித் தூக்குங்கள்.

இப்போது ரெண்டர் நிற்காமல் முடிகிறது, சூடும் 80க்குள் நிற்கிறது. ஒரே கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உழைக்கும் வேலைக்கு, ஓவர்கிளாக் செய்யாவிட்டாலே இந்தச் சிப் தானாக 4.2 வரை போகும். ஆகவே பலன் தெரிவது எல்லா கோரும் உழைக்கும் ரெண்டர் மாதிரி வேலையில்தான்.